பரிதிக்கு இடுப்பு வலி

அன்று காலை பல் தேய்த்ததும் முதல் வேலையாகக் குமுதினியின் இடுப்பு வலியை அவள் கணவன் பரிதிக்கு மாற்ற வேண்டியிருந்தது. செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் அது சட்டம். கர்ப்பிணியின் வலியைக் கணவன் ஒரு வாரமாவது வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காக இருவர் தண்டுவடத்திலும் உளுந்தளவு வலிமாற்றி ஒன்றைப் பதித்திருந்தார்கள். வயிறும் சுமையும் அவளிடமே இருக்கும்; வலி மட்டும் இடம் மாறும்.

பரிதி இதை மாதக்கணக்காக இழுத்தடித்தான். ஒருநாள் சளி என்றான், ஒருநாள் மீட்டிங் என்றான். கடைசியில் குடியிருப்பு அலுவலகமே எச்சரிக்கை விட்டுவிட்டது.

குமுதினி அப்படி என்ன பெரிதாகக் கேட்டாள்? பாசிப் பண்ணையில் நாளெல்லாம் குனிந்து தட்டுகளைத் தூக்கி வைத்துவிட்டு வந்தால் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே வைக்க ஒரு தலையணை, பாத்திரம் கழுவ இன்னொரு கை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். எலும்பு உளுத்துவிடக் கூடாதென்று குடியிருப்பில் பூமியின் ஈர்ப்பைச் செயற்கையாக வைத்திருந்தார்கள். வயிறு முன்னே தள்ளத் தள்ள, அவள் முதுகைப் பின்னால் வளைத்து நின்றாள். "நிமிர்ந்து நில்லு" என்றார் ஒருவர். "ரொம்ப நிமிராதே" என்றார் இன்னொருவர். யோசனைக்கு மட்டும் அந்தக் கிரகத்தில் பஞ்சமே கிடையாது.

மாமியார் தையல்நாயகியோ, "எங்கம்மா என்னை வயித்துல வெச்சுக்கிட்டு ராக்கெட்டே ஏறினவ. நாங்கல்லாம் பெத்துக்கலையா?" என்பாள்.

பரிதி கண்ணை மூடிக்கொண்டு, சுவரிலிருந்த வலிமாற்றிப் பொத்தானை அழுத்தினான்.

"ஐயோ அம்மா!" சுவரைப் பிடித்துக்கொண்டான். "இதோடயா குமுதா வேலைக்குப் போறே?"

அப்பாடா, இப்போதாவது புரிந்ததே என்று அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த நிம்மதி பண்ணை வாசல்வரைகூடத் தாங்கவில்லை. காதுப்பேசியில் பரிதி கத்தினான்.

"இப்பக் குனிஞ்சியா?"

"தட்டு கீழே இருக்குங்க. குனியாம எப்படி எடுக்கிறது?"

"முட்டியை மடக்கி எடேன்! எனக்கு உயிர் போகுது!"

சற்று நேரத்தில் மறுபடி: "ஒரே கால்ல பாரம் போட்டு நிக்கிறியா? நேரா நில்லு தாயே!"

வலித்தால் வாயடங்கும் என்று பார்த்தால், யோசனை சொல்ல வீட்டில் இன்னொருவன் கிளம்பிவிட்டான்! குமுதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலையில் வீடு அமளிதுமளிப்பட்டது. பரிதி குப்புறக் கிடந்தான். இடுப்பில் வெந்நீர்ப் பை. "புள்ளை துடிக்கிறானே" என்று தையல்நாயகி கண்ணைத் துடைத்தாள். மருத்துவர் திரையில் வந்து பரிசோதித்தார்.

"இவருக்கு மருந்தெல்லாம் வேலை செய்யாதும்மா. இவர் மனைவி சாஞ்சு உக்காரணும், நல்லாப் படுக்கணும். அப்பத்தான் இவருக்கு வலி குறையும்."

அவ்வளவுதான். அரை மணியில் நாற்காலி வந்தது. தலையணை வந்தது. பாத்திரங்களை மாமியாரே கழுவினாள். 'கணவரின் உடல்நிலை காரணமாக' என்று சொல்லிப் பண்ணை குமுதினிக்கு விடுப்பு கொடுத்தது.

"அசையாதடி கண்ணு, நீ அசைஞ்சா அவனுக்குச் சுரீர்னு இழுக்குது" என்றாள் மாமியார்.

குமுதினிக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. யாரை நினைத்துச் செய்தால் என்ன, அந்த வாரம் அவள் கட்டையைக் கொஞ்சம் கிடத்த முடிந்தது. பிரசவம்வரை இப்படியே போனால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

வாரம் முடிந்தது. சட்டத்துக்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்றுவிட்டான் பரிதி. சுகமாகச் சாய்ந்திருந்தவள் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினாள். வலி சுரீரென்று இடுப்பில் வந்து இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினால் நாற்காலியில் பரிதி உட்கார்ந்திருந்தான்.

"சுத்தமா விட்டுப்போச்சும்மா!" என்றான். தையல்நாயகி அந்தத் தலையணையை எடுத்து அவன் முதுகுக்கு அண்டக் கொடுத்தாள்.

"அத்தை, எனக்கு உக்காரணும். இடுப்பு விண்ணுவிண்ணுங்குது."

மாமியார் உண்மையிலேயே புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"அதான் அவனுக்குச் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கும்மா உனக்கு நாற்காலி? ஒரு வாரமா புள்ளை பட்ட பாடு! கொஞ்சம் சாஞ்சுக்கட்டும். அவனை விசாரிக்க அக்கம்பக்கத்துல எல்லாரும் வர்றாங்க. நீ போய்க் காபி போடு."