உப்புக் குகையின் மணி

"விடுங்க, நான் குதிக்கிறேன்!" என்று ஜெனோவா குளத்தில் பாய்ந்தாள். அடுத்த நொடியே தக்கைபோல மேலே வந்துவிட்டாள்!

கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஆளில்லாத இந்தத் தீவின் குகைக்குள் கிடந்த குளமோ அவளை உள்ளே விடவே இல்லை. பல வருடம் கடல்நீர் புகுந்து வற்றி, உப்பு ஏறி இறுகிய தண்ணீர் அது. அடியில் ஊர்க் கோயிலின் வெண்கல மணி கிடந்தது. முன்பு தோணி உடைந்தபோது, கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து மாலுமிகள் போட்டுவிட்டுப் போனது.

"இந்த நங்கூரக் கல்லைக் கட்டிக்கிட்டு இறங்கு" என்றான் கணவன் சிலுவை.

"வேண்டாம் அத்தான்!" தம்பி கஸ்பார் தடுத்தான். "கனம் கூடிப்போனா சரசரன்னு கீழ இழுத்துரும். அக்கா காதுச் சவ்வு கிழிஞ்சிரும்!"

"அப்போ எவ்வளவுதாம்ல கட்டணும்?"

வெளியே அலை ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குகை வாய் அடைபட்டுவிடும். கஸ்பார் படகுக்கு ஓடி, உப்பளத்துத் தண்ணீரின் கனம் அளக்க அவன் வைத்திருந்த இரண்டு கண்ணாடி டியூப்களையும் அவற்றை மேலே இணைக்கும் மூன்றுவாய் ரப்பர்க் குழாயையும் கொண்டு வந்தான். ஒரு டியூபின் அடியைக் குடிதண்ணீர்ச் சட்டியிலும் மற்றதைக் குளத்து நீர்ச் சட்டியிலும் விட்டு, மேல்வாயில் உறிஞ்சினான்.

"தாகமா இருந்தா சட்டியோட குடியேம்ல!" என்று ஜெனோவா சிரித்தாள்.

அவன் காற்று புகாமல் வாய்க்குழாயை மடித்துப் பிடித்தான். "பாருங்க! ரெண்டையும் இழுத்தது ஒரே மூச்சுதான். நல்ல தண்ணி பன்னிரண்டு விரல் ஏறியிருக்கு. இது பத்துதான் ஏறுது. கனமான தண்ணி! நல்ல தண்ணியைவிட ஒண்ணே கால் மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. ஒண்ணு புள்ளி ரெண்டு!"

ஜெனோவா அறுபது கிலோ. நல்ல தண்ணீரில் அவள் மிதப்பதும் இல்லை, மூழ்குவதும் இல்லை. அதே இடத்தை இந்தத் தண்ணீர் நிரப்பினால் எழுபத்திரண்டு கிலோ. அவள் எடை அதற்குப் பன்னிரண்டு கிலோ குறைகிறது! ஈயமும் கொஞ்சம் இடம் பிடிக்குமே என்று, கஸ்பார் ஈய வலைக்குண்டுகளை மீன் தராசில் நிறுத்துப் பதினாலு கிலோவாக அக்காவின் இடுப்பில் கட்டினான்.

"தப்பாப் போச்சுன்னா?" என்று சிலுவை முணுமுணுத்தான்.

ஜெனோவா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் உதடு காய்ந்திருந்தது, கண் மட்டும் அசையவில்லை. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

தண்ணீர் அவளைத் தள்ளவில்லை, இழுக்கவும் இல்லை. மெல்ல, மெல்ல இறங்கினாள். கை எட்டியதும் குளிர்ந்த வெண்கலம்! கையோடு கொண்டு வந்த கயிற்றை மணியின் காதில் கோத்து, இரண்டு தடவை சுண்டினாள். ஈயத்தை அவிழ்த்ததும் சட்டென்று மேலே வந்தாள்.

"இழுங்க! இழுங்க!"

மூவரும் உடம்பு வலிக்க இழுத்தார்கள். மணி பாறையில் மோதி 'ணங்!' என்றது. அலை முழங்காலைத் தொட்டபோது மணி படகில் ஏறியிருந்தது.

கரையில் ஊரே கூடி ஜெனோவாவைத் தோளில் தூக்க வந்தது.

"இவனையும் தூக்குங்க!" என்று தம்பியை முன்னே தள்ளினாள். "மூச்சு என்னோடது. அந்தத் தண்ணிய நிறுத்துச் சொன்னது இவன்!"

அன்றிலிருந்து தெரியாத தண்ணீரில் அவள் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதில்லை.