ஒன்பதாம் படியில் கோடு இல்லை

எட்டாம் படியில் மூன்று கோடு. பத்தாம் படியில் மூன்று கோடு. நடுவில் இருந்த ஒன்பதாம் படியில் மட்டும் போனில் வைஃபை சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அவள் இறங்கிப் பார்த்தாள், ஏறிப் பார்த்தாள். அதே கதைதான். அந்தப் படியில் கால் வைத்ததும், குளத்தில் முங்கினாற்போல் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. நேற்றுப் பூசிய சுவர்போல ஈரச் சிமெண்டு வாசனை மூக்கில் ஏறியது. வீடு கட்டிப் பதினேழு வருஷம் ஆகிறது.

நோட்டில் எழுதிக்கொண்டாள்: ஒன்பது, பூஜ்யம்.

பொழுது போகாமல் படி எண்ணவில்லை அவள். இரண்டாம் மாடி அறையில் மாமனார் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய்விட்டன. கழுத்தில் ஒரு பட்டன் தொங்கும். இடது கையால் அதை அமுக்கினால், வைஃபை வழியாகக் கீழே அவள் போனில் மணி அடிக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை அடிக்கவில்லை. கட்டிலிலிருந்து சரிந்தவர் இரண்டு மணி நேரம் தரையில் கிடந்தார். அவள் போய்த் தூக்கியபோதும் கட்டைவிரல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது.

"கேக்கலயாம்! எங்கப்பா கூப்பிட்டா மட்டும் உன் காது டமாரம் ஆயிடும்," என்றான் கணவன். "வேணும்னேதான் விட்டிருக்கே. இன்னொரு தடவை இப்படி ஆச்சு, உன் துணிமணிய நானே மூட்டை கட்டி வாசல்ல வெச்சிடுவேன்."

படி எண்ணிய மறுநாள் வந்த நெட்காரர் அவளது நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "என்னக்கா, வீட்டுக்கே நாடி பிடிச்சு வெச்சிருக்கீங்க!"

"ஒன்பதாம் படியில மட்டும் ஏன் அப்படி?"

"சிக்னலக் குடிக்கிறது மூணுதான்க்கா. கான்கிரீட்டு, தண்ணித்தொட்டி, மனுஷ உடம்பு. வாடகை குடுக்காம யாராச்சும் அங்க நிக்கிறாங்களோ என்னவோ!"

சிரித்துக்கொண்டே ஒன்பதாம் படியில் ஏறினார். சிரிப்பு அங்கேயே நின்றது. காதைத் தேய்த்துக்கொண்டு இறங்கியவர், சிக்னலை வாங்கி மேலே அனுப்பும் சின்னப் பெட்டிகள் நான்கைப் பையிலிருந்து எடுத்தார். ஒன்றைப் படியடியில் மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்து, நீலமானது. ஒன்பதாம் படியில் நாலு கோடு வந்தது.

"மிச்சத்த நீங்களே மாட்டிக்கோங்கக்கா. இது எரியிற இடத்துல அது இருக்காது."

"எது?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

மறுநாள் காலை பதினைந்தாம் படியில் பூஜ்யம். முதல் மாடித் திருப்பத்தில் இரண்டாவது பெட்டியை மாட்டினாள். அதற்கடுத்த நாள் இருபத்துநாலாம் படியில் பூஜ்யம். காது அடைப்பு, ஈரச் சிமெண்டு. மூன்றாவதை அங்கே மாட்டினாள். நாலாம் நாள் முப்பத்திரண்டு படியிலும் நாலு கோடு. நிம்மதியாய் மாமனார் அறைக்குள் நுழைந்தாள். கட்டிலுக்கு இரண்டடி முன்னால் காது அடைத்தது.

"அந்த ரூமுக்குள்ளயும் ஒண்ணு மாட்டணும்," என்றாள் கணவனிடம்.

"அப்பா நெஞ்சுல மெஷின் வெச்சிருக்கு. அங்க பெட்டிய மாட்டினே, கைய ஒடிச்சிடுவேன்." கதவை அறைந்து சாத்திவிட்டு வேலைக்குப் போனான்.

அவள் நோட்டைப் புரட்டினாள். ஒன்பது. பதினைந்து. இருபத்துநாலு. அறை. பக்கம் பக்கமாய்த் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது பாட்டுக்கு ஒன்பதாம் படியில் நின்றிருந்தது. பெட்டி பெட்டியாய் மாட்டி, பேசவும் முடியாத மனுஷனின் கட்டில்வரை அதை விரட்டி ஏற்றிவிட்டவள் அவள்தான்.

நாலாவது பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள்.

பட்டப்பகல். ஜன்னல் வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. நேரே காது அடைத்த இடத்தில் நின்று, சுவரில் பெட்டியைச் செருகினாள். சிவப்பு. சிவப்பு. காதுக்குள் ஏதோ இறுகியது. நீலம்.

காது திறந்தது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. போனைப் பிடித்துக்கொண்டு அறை முழுக்க நடந்தாள். ஜன்னலோரம் நாலு. பீரோ பக்கம் நாலு. கட்டிலடியில்கூடக் குனிந்து பார்த்தாள். நாலு.

"போயிடுச்சு மாமா. எங்க, அமுக்குங்க பாக்கலாம்."

அமுக்கினார். போனில் மணி கணீரென்று அடித்தது. அவர் பாதி வாயால் சிரித்தார். நாலு நாளில் முதல்முறையாக அவளும் சிரித்தாள். குனிந்து அவர் தலையணையைச் சரிசெய்தாள்.

ஈரச் சிமெண்டு வாசனை.

நிமிர்ந்தாள். மின்விசிறி சுற்றியது. சத்தம் இல்லை.

மாமனாரின் சிரிப்பும் இல்லை. அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், தோளைவிட ஒரு சாண் உயரத்தில், எதையோ பார்த்தன. இடது கை பட்டனை அமுக்கியது.

மணி அடிக்கவில்லை.

போனைப் பார்த்தாள். பூஜ்யம். ஜன்னலோரம் நகர்ந்தாள். பூஜ்யம். பீரோ பக்கம். பூஜ்யம். அவர் கண்களும் கூடவே நகர்ந்தன. அதே ஒரு சாண் உயரத்தில்.

சுவரில் நீல விளக்கு அசையாமல் எரிந்தது. படியில் நின்றதற்கு, அவளைத் தவிர, வீட்டில் வேறு இடம் மிச்சமில்லை.

பிடரியில் ஈரம் பட்டது. அவள் திரும்பவில்லை.

கட்டிலில் மாமனார் அமுக்கினார். நகம் வெளுக்க அமுக்கினார். மறுபடி. மறுபடி. அவள் கையிலிருந்த போன் சும்மா இருந்தது.