பாவுக்கு ஒரு கை

கிணற்றடித் தெருவைக் காலி செய்தவனே நான்தான் என்று ஆரணியில் ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. அந்தத் தெருவின் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் என் குட்டியானை வண்டியில்தான் போயின. ஆட்களை விரட்டியது நானில்லை.

ஒவ்வொரு வீடாக ஏற்றி, பைபாஸுக்கு அப்பால் புது மனைகளில் இறக்கினேன். ஏன் போகிறீர்கள் என்று கேட்டுவைப்பேன். வாடகை வண்டிக்காரனுக்கு வாய் சும்மா இருக்காது. சாக்கடை என்றார் ஒருவர். கார் நுழையாத தெருவில் வரன் எப்படி நுழையும் என்றார் இன்னொருவர். பவர்லூம் சத்தத்தில் பிரஷர் ஏறுகிறது என்றார் குமரேசன்; தெருவிலேயே பவர்லூம் ஓடியது அவர் வீட்டில் மட்டும்தான். எல்லாக் காரணமும் நியாயமாகவே இருந்தது. அதுதான் இடித்தது. ஒரு தெருவே கிளம்பும்போது வீட்டுக்கு ஒரு காரணமா இருக்கும்?

இன்னொன்றும் இடித்தது. வண்டி பேசும்போது எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்.

"வெயில் ஏறினப்பறம் வா. இருட்டோட வந்து கதவத் தட்டாத."

கடைசியாகக் கிளம்பியவர் பச்சையப்பன். தன் வீட்டை வாடகைக்கு விட ஆள் தேடினார். எனக்கும் வீடு தேவைப்பட்டது. பவித்ரா தலைப்பிரசவத்துக்குக் கலசப்பாக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். "கொழந்தையோட வந்து எறங்க ஒரு வூடு பாத்து வைங்க. உங்க வண்டியில குடித்தனம் பண்ண முடியாது" என்று தினமும் போனில் ஓதுவாள். பச்சையப்பன் கேட்ட வாடகைக்கு ஊருக்குள் மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்காது.

"வூட்டுல ஏதாவது பேஜாரா?" என்றேன்.

"வூட்டுல ஒண்ணுமில்ல." சாவியைக் கையில் வைத்தார். "காலைல யார் கூப்ட்டாலும் வெளிய போவாத."

"யாருங்க கூப்புடுவாங்க? தெருவுல நாய்கூட இல்லியே."

அவர் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு இது பழக்கம்தான்.

அன்றே சாமான்களைக் கொண்டுவந்தேன். என்னோடு சுமை தூக்கும் சதீஷ் ஒரு கையும் நான் ஒரு கையுமாகப் பவித்ராவின் சீர் பீரோவை உள்ளே சேர்த்தோம். படுத்ததும் தூங்கிப்போனேன்.

விடிவதற்கு முன் ஒரு வாசனை என்னை எழுப்பியது. அரிசிக் கஞ்சி. சூடாக, லேசாகப் புளித்து. எனக்கோ வெந்நீரைத் தவிர எதுவும் வைக்கத் தெரியாது.

அப்புறம் காலடிச் சத்தம். வெறுங்கால். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. திரும்பி ஓடி வந்தது.

என் வாசலில் நின்றது.

"பாவு நீட்டிட்டேம்பா. ஒரு கை வாயேன்."

பட்டுப் பாவு என்பது தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய நூல். வெயில் சுடுவதற்குள் கஞ்சி தடவி, பிரித்துக் காயவைக்க வேண்டும். தனியாளால் ஆகாது. ஒரு வீட்டுப் பாவு தெருவுக்கு வந்தால் மற்ற வீடுகளிலிருந்து ஆளுக்கொருவர் வந்து பிடிப்பார்கள். எனக்கு நீ வந்தால் உனக்கு நான் வருவேன், கூலி கிடையாது. நான் பிறந்த தேவிகாபுரமும் நெசவூர்தான்; தறி தொடாத எனக்கே இது தெரியும்.

பச்சையப்பன் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் சுமை தூக்கிப் பிழைக்கிறவன் நான். ஒரு கை என்று கேட்டால் புத்தி யோசிப்பதற்குள் கால் இறங்கிவிடும்.

இறங்கிவிட்டது.

மார்கழிப் பனி கண்ணை மறைத்தது. மஞ்சள் நூல் மட்டும் இடுப்பு உயரத்தில் பனிக்குள் போய் மறைந்தது. முனையிலிருந்த கோலைப் பிடித்தேன். அந்தப் பக்கம் யாரோ இழுத்தார்கள்.

"இழுத்துப் புடி. தொய்ய வுட்டா வீணாப் பூடும்."

பிடித்தேன். நூலின் மேல் பிரஷ் ஓடும் சத்தம். சர்ர்... சர்ர்... என்னை நோக்கி வந்தது. பனிக்குள் ஒரு புடவை தெரிந்தது, முகம் தெரியவில்லை. தெருவில் அவளைத் தவிர யாருமில்லை.

அந்தக் கோடியில் இழுப்பு குறையவில்லை.

பிரஷ் என் பக்கத்தில் நின்றது.

"மழ வருமா?" காதருகே கேட்டாள்.

"மார்கழில ஏதுங்க மழ."

"அன்னிக்கும் அப்டித்தான் சொன்னாங்க."

கோலை விடாமல் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வெயில் வந்திருந்தது. கோல் இல்லை, நூல் இல்லை. உள்ளங்கையில் மட்டும் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். கஞ்சி காய்ந்து மொடமொடத்தது.

நேராகப் பச்சையப்பனின் புது வீட்டுக்குப் போனேன். என் கையைப் பார்த்தார். கேட்டின் வெளியிலேயே நிற்கவைத்துப் பேசினார்.

"அபிதகுசாம்பாள்னு பேரு. கோடி வூட்டுல தனியா இருந்தா. தெருவுல யார் பாவு போட்டாலும் மொதல்ல வந்து நிப்பா. கடைசியா அவ பாவு போட்டப்போ நாங்க எல்லாம் கடையில ரெடி பாவு வாங்கிகினு இருந்தோம். பக்கத்து வூட்டுல போவாங்கன்னு ஒவ்வொருத்தரும் படுத்துக்கினோம். திடீர்னு மழ. ரெண்டு கோடிக்கும் அவளே ஓடிகினு இருந்தா. கேட்டுகினுதான் இருந்தோம். விடிஞ்சி பாத்தா நனைஞ்ச பட்டு மேலயே வுழுந்து கெடந்தா." மூச்சு விட்டார். "அப்பலேந்து தெனமும் வந்து கூப்புடுவா. எந்த மூஞ்சிய வெச்சிகினு கதவத் தெறக்கறது? அதான் கெளம்பிட்டோம்."

"நான் போயிட்டனே."

"அதான் பயமா இருக்குது. நீ கை குடுத்துட்ட. இனிமே உனக்கு அவ குடுப்பா. அவ குடுத்தா நீ போவணும். அவ வழக்கத்த மாத்தாதவ."

அப்போதே வீட்டைக் காலி செய்ய முடிவெடுத்தேன். பிள்ளையோடு பவித்ராவை அந்தத் தெருவில் இறக்க முடியாது. சதீஷைக் கூப்பிட்டேன். கிணற்றடித் தெரு என்றதும் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நேற்றே யாரோ அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லத் தோன்றவில்லை. நல்ல நண்பன்.

பட்டப்பகலில் ஒற்றை ஆளாகப் பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். இழுத்தாவது போகலாம் என்று.

அந்தப் பக்கம் தானாக எழும்பியது.

நான் நடந்தேன். பீரோவும் நடந்தது. வண்டியில் ஏறிக்கொண்டது. நன்றி சொல்வதா, ஓடுவதா தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

பைபாஸுக்கு அப்பால், புது மனைகளிலும் கடைசியில், ஒரு வீடு பிடித்தேன். வாடகை வயிற்றில் அடித்தது. சாமான் இறக்கக் காசு கொடுத்து ஆட்களை அழைத்தேன்; அவளுக்கு இடம் வைக்கவில்லை. தை போனது, மாசி போனது. யாரும் கூப்பிடவில்லை. வாங்கிய கைக்குக் கொடுத்த கை சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கணக்கில் நான் எப்போதும் மக்கு.

பங்குனியில் பவித்ரா மகளோடு வந்து இறங்கினாள். மறுநாள் காலை, நான் கண் விழித்தபோது அவள் குளித்து, ஈரத் தலையோடு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"இங்க ஒண்டியா இருக்கணுமேன்னு நெனச்சேன். அக்கம்பக்கம் நல்லாத்தான் இருக்குது."

"எந்த அக்கம்பக்கம்?" எங்கள் வீட்டைச் சுற்றி வெறும் மனைக்கல்.

"நீங்க தூங்கிகினு இருந்தீங்க. வாசல்ல ஒரு அம்மா வந்தாங்க. கொழந்தைய நான் வெச்சிகினு இருக்கேன், நீ நிம்மதியா குளிச்சிட்டு வான்னாங்க. பாவம், கேக்காமயே ஒத்தாச பண்றாங்க. நாளைக்கி விடிகாலைல அவங்களுக்கு ஏதோ வேலையாம், ஒரு ஆள் வேணுமாம். வரேன்னு சொல்லிட்டேன்."

தொட்டிலுக்கு ஓடினேன். மகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூடியிருந்த பிஞ்சுக் கையை மெல்ல விரித்தேன்.

உள்ளங்கையில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். கஞ்சி இன்னும் காயவில்லை.