புன்னைத்துறை மணியின் நாக்கு

"நாளை நான் கப்பலேறுவதற்குள் மணி வந்தாக வேண்டும். வராவிட்டால் உன் மச்சானை என்னோடு கொண்டுபோய் அடிமையாக விற்றுவிடுவேன்!"

டச்சுக் கேப்டன் வான் ஹெல்டன் சொன்னதைத் துபாஷி தமிழில் சொன்னதும் முத்துக்குளிக்கும் கஸ்பார் சிறைக்கு ஓடினான். சிறையில் கிடந்த மச்சான் சந்தியாகு, கஸ்பாரின் மனைவி லூசியாவின் கூடப்பிறந்த அண்ணன். டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரை விரட்டிப் புன்னைத்துறையைப் பிடித்த அன்று, மாதா கோயில் மணியை உருக்கிப் பீரங்கி வார்த்துவிடுவார்களே என்று அதைத் தோணியில் ஏற்றிக் கடலில் இறக்கியவன் அவன்தான். ஊரைவிட்டுப் போகிற கேப்டனுக்கு அந்த வெண்கலத்தை விற்றுக் காசு பார்க்க ஆசை. பேராசை பிடித்த மனுஷன்!

கம்பிக்குள்ளிருந்து சந்தியாகு காதோடு காதாகச் சொன்னான்: "கோபுரத்தையும் ஒத்தப் பனையையும் ஒரே நேர்ல நிறுத்தும் மச்சான். அந்த நேர் கடலடிப் பாறையில முட்டுற எடத்துல கெடக்கு. ஆனா மணிய மட்டும் இவன்கிட்ட குடுத்துராதீரும்!"

விடிந்ததும் தோணி புறப்பட்டது. குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கடற்கரை வழக்கம். தங்கச்சி தாலி அறுந்துவிடுமே என்று அவன் கண்ணிமைக்காமல் பிடிப்பான் அல்லவா! மச்சான் சிறையில் இருக்க, லூசியா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"பொம்பள கயிறு பிடிக்கதா?" என்று முணுமுணுத்தான் தோணிக்காரத் தொம்மை.

"உள்ள போறது எம் புருசன். உள்ள கெடக்கது எங்கண்ணன். வேற எவன் பிடிப்பான்? நீரு துடுப்ப வலியும்!"

கோபுரமும் பனையும் ஒன்றானதும், காலில் கல்லை மாட்டிக்கொண்டு கஸ்பார் குதித்தான். பாறை இருந்தது, மணி இல்லை! மறுபடி குதித்தான். வெறும் சிப்பியும் மணலும்தான். அவன் மூச்சு வாங்கியபடி தோணியைப் பற்றித் தொங்கினான்.

கரையையே பார்த்துக்கொண்டிருந்த லூசியா திடீரென்று கத்தினாள். "அடப் பாவி மனுசா! இது எந்தக் கோபுரம்? நம்ம கோயில் கோபுரத்தத்தான் அன்னைக்கே பீரங்கி தின்னுருச்சே! இது இவனுக பொறவு கட்டுனதுல்லா!"

கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டான். "பழைய கோபுரம் நின்ன எடத்துல இப்போ குதிரை லாயம்! தொம்மை, தோணியத் தெக்க திருப்பும்!"

லாயத்தின் கூரையும் பனையும் ஒன்றான இடத்தில் அவன் குதித்தான். பாசி படிந்து, பாறை இடுக்கில் சாய்ந்து கிடந்தது மணி! கேப்டனுக்கு அத்தாட்சி வேண்டுமே? மணிக்குள்ளே அடிக்கிற நாக்கைப் பிடித்து முறுக்கினான். அசையவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கடைசியாக ஓர் இழுப்பு! நாக்கு கழன்றது. அவன் கயிற்றைச் சுண்டும் முன்பே லூசியா விடுவிடுவென்று மேலே இழுத்தாள்.

"இவ்வளவு நேரமா உள்ள இருக்கது? என் உசுரே போச்சு!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெண்கல நாக்கைப் பார்த்ததும் கேப்டனின் முகம் மலர்ந்தது. "மணி எங்கே?"

"மொதல்ல ஆள விடச் சொல்லும். பொறவு எடம்," என்றான் கஸ்பார் துபாஷியிடம்.

சந்தியாகு வெளியே வந்து தங்கச்சி பக்கத்தில் நின்றான். கஸ்பார் சிரிக்காமல் சொன்னான்: "கோபுரத்தையும் ஒத்தப் பனையையும் ஒரே நேர்ல நிறுத்துங்க. அந்த நேர் பாறையில முட்டுற எடம்."

கேப்டன் சன்னல் வழியாகத் தன் புதுக் கோபுரத்தைப் பார்த்துத் தலையாட்டினான். அவனுடைய ஆட்கள் அன்று பொழுது சாயும் வரை மணலைக் கிளறினார்கள். காற்று திரும்பியது. கப்பல் பீரங்கி போட்டு அவசரப்படுத்தியது. கேப்டன் நாக்கை மட்டும் தூக்கிக்கொண்டு தன் ஆட்களோடு கப்பலேறினான்.

பாய்மரம் கண்ணுக்கு மறைந்ததும் ஊரே கூடி மணியைக் கரையேற்றியது.

"நாக்கக் கொண்டு போயிட்டானே!" என்று வருத்தப்பட்டான் சந்தியாகு.

"போனாப் போவுது. பேச்சு நம்மகிட்டதான இருக்கு!" லூசியா, கஸ்பார் காலில் மாட்டும் கல்லைத் தூக்கி மணியில் ஓங்கி அடித்தாள். டங்! கரை முழுக்கச் சிரித்து ஆர்ப்பரித்தது.

அதற்குப் பிறகு யார் கடலில் அடையாளம் சொன்னாலும், "எந்தக் கோபுரம்?" என்று கேட்டுக்கொண்டுதான் புன்னைத்துறைக்காரர்கள் தோணியைத் தள்ளினார்கள். அடுத்த முறை கடலுக்குப் போகையில் சந்தியாகு கயிற்றுக்குக் கை நீட்டினான்.

"துடுப்பப் பிடிண்ணே," என்றாள் லூசியா.