சைராகுல் பரிமாறிய எலும்பு

அன்று காலை சைராகுல் மாவு பிசைந்த வேகத்தில் அட்-பாஷி ஊரே ஒரு முறை குலுங்கியிருக்கும். பிசைந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடித்தாள் என்பதே உண்மை. மாவுக்குள் தன் ஓரகத்தி தமிரா இருப்பதாக நினைத்துக்கொண்டால் அவளுக்குக் கை வலிப்பதே இல்லை!

தமிரா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். போன மாதம் டீச்சர்களுக்குச் சம்பளம் கூட்டினார்கள். எவ்வளவு என்று தமிரா சொல்லவில்லை. ஆனால் கடைக்காரி தொக்தோபூபூ சொன்னாள். அடுத்த வீட்டுக்காரி அதை இரண்டு மடங்காக்கினாள். சைராகுல் காதுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பணத்தில் நாரின் நதியைக் கரையோடு விலைக்கு வாங்கிவிடலாம் போலிருந்தது.

"அக்கா, சாயங்காலம் நாலு மணிக்கு ஹெட்மாஸ்டரைக் கூட்டிட்டு வரேன். ஆட்டை அறுத்தாச்சுல்ல?" என்று பூட்ஸை மாட்டியபடி கேட்டாள் தமிரா.

"அறுத்தாச்சு மகாராணி! சம்பளம் ஏறினா ஆடு சாகணும்ல? நான் இருபத்திரண்டு வருஷமா இந்த அடுப்புல வேகிறேன்... எனக்காக ஒரு கோழியாவது செத்திருக்கா?"

"அப்படி இல்லக்கா..."

"போம்மா போ! மத்தியானம் ஒண்ணரைக்கு முடியிற காலை ஷிஃப்ட்டு உனக்கு. நீ ஒரு மாசமா இருட்டினப்புறம் வர்ற. அங்க உக்காந்து டீ குடிக்கிறதுக்கும் அரசாங்கம் காசு குடுக்குதோ?"

தமிரா வாயைத் திறந்தாள், மாமியார் பாத்மாவைப் பார்த்தாள், மூடிக்கொண்டு போய்விட்டாள். டீ கொதிக்கும் சமோவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாத்மா அத்தை சிரிப்பை டீக்குள் ஒளித்தாள். அந்தச் சிரிப்பு சைராகுல் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மூன்று வருஷத்துக்கு முன் பள்ளிச் சமையலறை வேலைக்கு அவளும் எழுதிப் போட்டிருந்தாள். பதிலே இல்லை. அன்று மாவுக்குள் அழுதாள். அன்றைய ரொட்டிக்கு உப்பே போட வேண்டியிருக்கவில்லை.

டீச்சருக்குக் கோடை விடுமுறை, ஞாயிறு விடுமுறை, வயதானால் பென்ஷன்! தனக்கு? வயதானால் முதுகுவலி!

நான்கு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். வீட்டு ஆண்கள் இருந்தால் கறியை அவர்கள்தான் பிரிப்பார்கள். அவர்கள் மந்தையோடு மலையில் இருந்ததால் அண்டாவும் கரண்டியும் சைராகுல் கையில். அவரவர் மதிப்புக்கேற்ப யாருக்கு எந்த எலும்பு என்பதில் அந்த ஊரில் யாரும் தவறுவதில்லை. தவறினால் சம்பந்தமே முறிந்துபோகும். தலை, ஹெட்மாஸ்டர் இசாபெக்குக்கு. வால்பக்கத்துக் கொழுப்பு மாமியாருக்கு. தொடை எலும்பு டீச்சருக்குப் போக வேண்டும்.

சைராகுலின் கை தொடை எலும்பைத் தொட்டது... விட்டது. அண்டாவின் அடியில் துழாவி, முன்னங்கால் மேலெலும்பை எடுத்தது. அடிமைப் பெண்ணின் எலும்பு என்றே அதற்குப் பெயர். யார் முன்னாலும் வைக்க மாட்டார்கள்; அடுப்படியிலேயே தின்றுவிடுவார்கள். ஹெட்மாஸ்டர் பார்க்க, தொக்தோபூபூ பார்க்க, அதைத் தமிரா முன்னால் வைத்தாள்!

வீட்டுக்குள் ஈக்கள்கூட மூச்சை நிறுத்தின. தொக்தோபூபூவின் கண்கள் இரண்டு கிண்ணங்களாயின.

தமிராவின் முகம் வெளுத்தது. பிறகு கத்தியை எடுத்தாள். அந்த எலும்பிலிருந்து ஒரு துண்டைச் சீவி, மெதுவாக மென்றாள். "நல்லா வெந்திருக்குக்கா" என்றாள்.

ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "சைராகுல்... இந்த ஆட்டை எதுக்கு அறுத்தாங்கன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? இவ சம்பளம் ஏறினதுக்கு!"

"உனக்கு வேலை கிடைச்சதுக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து எங்க பள்ளிக்கூடத்துச் சமையல்காரி நீதான்."

கரண்டி கீழே விழுந்தது. அந்தச் சத்தம் மலையில் மேய்ந்த குதிரைகளுக்கும் கேட்டிருக்கும்.

"அந்த இடத்துக்கு பதினொரு பேர் சிபாரிசோட நின்னாங்க. இவ தினம் என் மேஜை முன்னால வந்து நின்னா. மத்தியான ஷிஃப்ட்டுக்கு வாத்தியார் இல்லாம திண்டாடிட்டிருந்தேன். 'சம்பளமில்லாம ஒரு வருஷம் நான் எடுக்கிறேன், எங்கக்காவை ஒரு வாரம் சமைக்க வச்சுப் பாருங்க'ன்னா. ஒரு வாரம் எதுக்கு? உன் ரொட்டியைத்தான் ஒரு மாசமா கொண்டுவந்து குடுத்துட்டிருக்காளே!"

"ஒரு மாசமா இருட்டினப்புறம் வந்தது... டீ குடிச்சிட்டு இல்லையா?" என்றாள் சைராகுல்.

"திடீர்னு சொல்லி அசத்தலாம்னு இவதான் எங்க வாயைக் கட்டிப் போட்டா," என்றாள் பாத்மா அத்தை. இப்போது அவளும் சிரிக்கவில்லை.

சைராகுல் தரையோடு தரையாய் உட்கார்ந்தாள். "ஏண்டி... காலைல நான் அவ்வளவு கேட்டேனே, ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருக்கக் கூடாதா? பாவி! அந்த எலும்பைக் குடுடி!"

"குடுத்த எலும்பைத் திரும்ப வாங்குற வழக்கம் இல்லக்கா."

"வழக்கமாம் வழக்கம்!" அவள் தமிராவின் கையைப் பிடித்து இழுத்து, அடிமை எலும்பை மறுபக்கத்தில் கடித்தாள். கடித்தபடியே அழுதாள். இருவரும் கட்டிக்கொண்டபோது நடுவில் எலும்பு மாட்டிக்கொண்டது. கறிக்கொழுப்பும் கண்ணீரும் சேர்ந்து டீச்சரின் வெள்ளைச் சட்டை பாழானது.

பத்து நாள் கழித்து, முந்நூறு குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றி, அண்டா தேய்த்து, கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு, அரசாங்க வேலைக்காரர்கள் சனிக்கிழமை கூட்ட வேண்டிய தெருவையும் கூட்டிவிட்டு உப்பு வாங்கக் கடைக்குப் போனாள் சைராகுல்.

"உங்களுக்கென்னம்மா," என்றாள் தொக்தோபூபூ. "அரசாங்கச் சம்பளம்! உக்காந்த இடத்துல கொட்டுது. ரொம்பத்தான் குடுக்கிறாங்க!"

சைராகுல் உப்புப் பையை நிதானமாக வைத்தாள். "கொட்டுதுடி, கஞ்சி கொட்டுது, என் கால்ல! ரெண்டு ஷிஃப்ட்டு கத்துற டீச்சருக்கு ராத்திரி தொண்டைல சத்தமே வரதில்ல, தெரியுமா? எங்க சம்பளத்தைப் பத்தி இன்னொரு தடவை பேசின... உன் கடைல உப்பு வாங்க மாட்டேன்!"

கடை வாசலில் காத்திருந்த தமிரா சிரித்த சிரிப்பில் சத்தம் வரவில்லை. சைராகுல் அவள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவ ஓர் ஆள் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலை முதல் ஆளாய் எழுதிப் போட்டவள் தொக்தோபூபூ!