யார் வைத்த பொட்டு

அந்த நெற்றியை மூளியாக்கியவள் நான்தானே என்று யோகேஸ்வரி நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு சரி.

எதிரே முதலாளி சுதாகர் கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா இது? இன்னான்றேன்! சாயங்காலம் ரிலீஸு. காலைல எழுந்து பாத்தா நெத்தில பொட்டு!"

காலை ஒன்பது மணி. மாமல்லபுரத்தில் சிற்பக்கடை ஒன்றின் மாடி. கீழே உளிச் சத்தம் தொடங்கிவிட்டிருந்தது. மாடியில் நாலு பேர் சேர்ந்து இரண்டு வருஷமாகச் செய்த வீடியோ விளையாட்டு, 'துடுப்பு'. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. அவனைத் தேடிப் படகை எடுத்துக்கொண்டு ஒருத்தி போகிறாள். அதுதான் கதை. இணையக் கடையில் அதற்கான தம்ப்னெயில் படத்தில் கருநீலக் கடலும், ஒரு பெண்ணின் முகமும், சிவப்பு எழுத்தில் பெயரும் இருந்தன. நேற்று மாலை வரை அவ்வளவுதான். இன்று காலை அந்த நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி.

சுதாகர் போனை நீட்டினார். "இந்த சைஸ்ல இது பொட்டாவா தெரியுது? படிக்காத மெசேஜ் ஒண்ணு கீதுன்ற மாதிரி இல்ல? என் மச்சான் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, போன் பூட்ச்சான்னு கேக்குறான்."

தமிழ்வாணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிப்பா வருதா தமிழ்? படம் ஏத்தறவன் நீ. இருக்கற மூணு சைஸ்லயும் வெச்சிருக்கே. அதுலயும் ரொம்பச் சின்னதுல எடம் தப்பித் தலைமேல ஏறி கீது. பொட்டு வைக்கக்கூடத் தெரியாதவன் வெச்சது."

"நான் வைக்கல சார்."

"போன வாரம் இன்னா சொன்ன? ஒரு பொம்பள அழுவறதக் காட்டி விக்கிறோம்னு சண்டை போட்டல்ல? பெங்களூர்ல வேலை கெடச்சிடுச்சு, போற போக்குல செஞ்சிட்டுப் போவலாம்னு பாக்கறியா? செங்கல்பட்டு போயி சைபர் கிரைம்ல எழுதிக் குடுத்தேன்னா, அப்புறம் அந்த வேலை எப்படி வருதுன்னு பாக்கறேன்."

தமிழ்வாணனின் முகம் வெளுத்தது. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்த பையன். போலீஸ் என்ற சொல்லை வீட்டில் கேட்டிராதவன்.

"மத்தியானம் வரைக்கும் பொறுங்க சார்" என்றாள் யோகேஸ்வரி. "வரைஞ்சவ நான். படத்தையே கேட்டுப் பாக்கறேன்."

படத்தைக் கேட்பது என்றால் தன்னைக் கேட்பது. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

இணையக் கடைப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் வரிசை கட்டி நிற்கும். பார்ப்பவன் விரலால் தள்ளிக்கொண்டே போவான். அந்த விரலை ஒரு கணம் நிறுத்தத்தான் தம்ப்னெயில். அவள் முதலில் வரைந்ததில் கடல், வலை, கலங்கரை விளக்கம், சூரியன் எல்லாம் இருந்தன. பெரிய திரையில் கொள்ளை அழகு. கட்டைவிரல் நகத்தளவு சுருக்கினால் தீய்ந்த தோசை. அதற்குப்பின் ஒவ்வொன்றாகக் கழித்தாள். சின்னதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். அப்போது தெரியாததெல்லாம் படத்தைவிட்டுப் போகவேண்டியது. கடைசியில் மிஞ்சியது ஒரு முகமும் ஒரு பெயரும்தான். சிவப்பு, பெயருக்கு மட்டும்.

முகம் பேருந்து ஜன்னலில் கிடைத்தது. குப்பத்து நிறுத்தத்தில் மீன்கூடைக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோகேஸ்வரி போனில் எடுத்துக்கொண்டாள். கேட்கவில்லை. அவள் பெயர் வச்சலா, புருஷன் மாயவன் கடலுக்குப் போய் மாதக்கணக்காகிறது, உடல்கூடக் கரை சேரவில்லை என்று கண்டக்டர் பின்னொரு நாள் சொன்னார். தெரிந்த பிறகும் அவள் போய்க் கேட்கவில்லை.

முதலில் பொட்டோடுதான் வரைந்தாள். பொட்டோடு பார்த்தால் அவள் யாரோ ஒரு வீட்டுப் பெண். பொட்டை மறைத்ததும் அந்த முகம் எதிரே இருப்பவனைப் பிடித்து நிறுத்தியது. இரண்டு படத்தையும் சில நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூளி நெற்றியைத்தான் அதிகம் பேர் தொட்டார்கள். சுதாகர் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அவளும் சாப்பிட்டாள்.

தமிழ்வாணனை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள்.

"நேத்து நீதானே ஏத்தின?"

"ஆமாக்கா. நீங்க டைட்டிலைப் பெருசு பண்ணிக் குடுத்ததை ஏத்தினேன். அப்ப பொட்டு இல்ல. சாரே போன்ல பாத்து ஓகேன்னாரு."

"அப்புறம்?"

"நான் டவுன்ஷிப் பஸ்ஸப் புடிக்க ஓடிட்டேன். விளம்பரம் பாக்கற பொண்ணு வேண்டா மட்டும் கடைப் பக்கத்துல எழுத்துப்பிழை பாத்துகினு இருந்துது. எனக்குப் புடிக்கலன்னா முகத்தையே தூக்கியிருப்பேன்கா. பொட்டு வெச்சு அழகு பாப்பனா?"

அது நியாயமாகப் பட்டது.

கீழே வந்து படக்கோப்பைத் திறந்தாள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல லேயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கண். அந்தக் கண்ணை மூடினால் அந்தத் தாளில் உள்ளது மறைந்துவிடும். யார் கவனிக்க வேண்டிய லேயரோ அவர் பெயரை அதற்கு இடுவது இந்த மாடியின் வழக்கம். பொட்டு வரைந்த லேயரின் கண்ணை மூடிவிட்டு, தேவையில்லை என்ற பொருளில் அவள் அவசரமாக அடித்திருந்த பெயர்: 'வேண்டா'.

இப்போது அந்தக் கண் திறந்திருந்தது.

வேண்டா விளம்பர வேலை பார்ப்பவள். கடலோரக் குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். வீட்டில் நாலாவது பெண். இனி வேண்டா என்று வைத்த பெயர். யாராவது கேலி செய்ய வாயெடுத்தால், "நான் வேணுமா வேண்டாவா, நீயே சொல்லு அண்ணாத்த" என்று முந்திக்கொள்வாள். இன்று காலையிலிருந்து அவள் யாரிடமும் வாயடிக்கவில்லை.

"இந்தக் கண்ணைத் தொறந்தது நீதானே?"

"என் பேரு போட்டிருந்துச்சுக்கா. எனக்கு வெச்ச வேலை, நீங்க பஸ்ஸுக்கு ஓடற அவசரத்துல தொறக்காம பூட்டீங்கன்னு நெனச்சேன். தொறந்து ஏத்திட்டேன்." அவள் தலையைத் தூக்கவில்லை. "தப்பாக்கா?"

யோகேஸ்வரிக்கு மூச்சு வந்தது. குற்றவாளி என்று யாருமே இல்லை. ஒரு 'ம்' விட்டுப்போனதால் வந்த வினை. சுதாகர் சிரிப்பார். தமிழ் பெங்களூர் போவான். அவளும் நெற்றியைப் பழையபடி மூளியாக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எழுந்தவள் பழக்கத்தில் வாசலருகே நின்று, சுவரில் ஒட்டியிருந்த சின்னப் படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மற்ற இரண்டு சைஸும் ஒரே கோப்பிலிருந்து எடுத்தவை. இந்தச் சின்னது அப்படியல்ல. அந்த அளவில் முந்தானை மடிப்பு வெறும் அழுக்காகத் தெரிகிறது என்று, அதை எடுத்துவிட்டுத் தலையும் புருவமும் தடித்த கோடுகளாகத் தனியே வரைந்தது. அதில் பொட்டு லேயரே கிடையாது.

இணையக் கடையில் கிடந்த சின்னப் படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கினாள். புள்ளி புருவ மத்தியில் இல்லை. முடி பிரியும் இடத்தில் இருந்தது. கை கோணியதில்லை. நிதானமாக, நேராக.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி வேண்டாவின் மேஜைக்குப் போனாள்.

"சின்னதுல லேயரே இல்ல வேண்டா. அங்க உன் பேரும் இல்ல."

வேண்டா கீபோர்டைத் தள்ளிவைத்தாள்.

"எடம் தப்பிடுச்சுன்னு சார் சொன்னாரு. தப்பல. வகிட்டுல வெச்சிருக்கே. நான் எடுத்த போட்டோல தலையில முந்தானை. அந்த வகிட்டுல என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. கிட்ட நின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்."

கீழே உளி நின்று, மறுபடி தொடங்கியது.

"நெத்தில வெச்சா வேர்வைல கலைஞ்சிடுதாங்கா" என்றாள் வேண்டா மெல்ல. "மாயவன் அண்ணன் காணாம போனதுலேர்ந்து வகிட்டுலயும் வெச்சுகினு கீது. அங்க வெச்சா நிக்குதாம்."

"எப்பத் தெரிஞ்சது, இது வச்சலான்னு?"

"எத்தினி தபா பாத்திருப்பேன், எனக்கே தெரிலக்கா. பொட்டில்லாம அந்த மூஞ்சியப் பாத்ததே இல்லியே. நேத்து காலைல, நாங்க செஞ்ச கேமுன்னு பெருமையா அதுங்கிட்டயே போன்ல காட்னேன். பெருசு பண்ணுன்னுச்சு. வெரலால நெத்தியத் தடவிப் பாத்துச்சு. 'யாருடி எனக்குப் பொட்டு அழிச்சது?'ன்னு கேட்டுச்சு." வேண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஊர்ல ஒருத்தரும் இன்னும் அத்தச் செய்யலக்கா. அதுக்கு முன்னாடி நாம செஞ்சிட்டோம்."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"நீங்க சாரைக் கேப்பீங்க. அவரு வேண்டாம்னுவாரு. லேயர்ல என் பேரு தோதா மாட்டுச்சு." நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லிடுங்க. தமிழு பாவம்."

அவளைக் கூட்டிக்கொண்டு சுதாகரின் முன்னால் போய் நின்று யோகேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டை வைத்தது வேண்டா என்பதை, லேயரின் பெயரை, வகிட்டை, பேருந்து ஜன்னலை.

சுதாகர் கெட்டவர் அல்ல. முதலில் தமிழ்வாணனைக் கூப்பிட்டார்.

"சாரிடா தமிழ். ஏதோ டென்ஷன்ல பேசிட்டேன். வேண்டா, உன்ன வேலைய வுட்டுப் போவச் சொல்ல மாட்டேன், போதுமா?" பிறகு யோகேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "அந்தம்மா பாவந்தான். இல்லன்னு சொல்லல. ஆனா இது ரெண்டு வருஷம் யோகேஸ்வரி. நம்ம நாலு பேரு சோறு. பொட்டோட போனா எவனும் தொடமாட்டான், நீயே டெஸ்ட் பண்ணிக் காட்ன. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடு. அஞ்சு நிமிஷ வேலை. அந்தக் கண்ணை மூடிடு, அவ்ளோதான்."

யோகேஸ்வரி திரையைப் பார்த்தாள். சின்னப் படத்தின் வகிட்டில் குங்குமம் அசையாமல் இருந்தது. வரைகிற பேனாவை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"வேண்டாம் சார்" என்றாள், கடைசி எழுத்தை விட்டுவிடாமல்.