மூன்றாவது துளை

1974 ஜூன் 8, சனிக்கிழமை. காலை மணி 7.10.

உடை மாற்றும் அறையின் சுவரில் நான்கு கொக்கிகள். நேற்று மாலை நான்கிலும் ஏதோ ஒன்று தொங்கியது. இப்போது நான்கும் காலி.

மதுரையிலிருந்து வந்த இரட்டைச் சகோதரிகள்தான் முதலில் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் பயிற்சியாளர் சத்தியநாதன் வந்து நின்றார். பெட்டிகளைக் கொட்டினார்கள், கட்டில்களைப் புரட்டினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

தாம்பரத்தில் அந்த மிஷன் பெண்கள் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பத்து நாளாக ஜிம்னாஸ்டிக்ஸ் முகாம் நடந்துகொண்டிருந்தது. அன்று ஒன்பது மணிக்குத் தென்மண்டலத் தேர்வு. பார், பீம், வால்ட், ஃப்ளோர் ஆகிய நான்கிலும் வாங்கும் மதிப்பெண்ணைக் கூட்டி, ஆல்ரவுண்டில் முதலாவதாக வரும் ஒரே ஒருத்திக்குத்தான் தேசிய முகாமில் இடம். அங்கே தேறினால் செப்டம்பரில் தெஹ்ரான், ஆசிய விளையாட்டுப் போட்டி. இரண்டாவதாக வருபவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

காணாமல் போனவை உள்ளங்கையில் மாட்டும் தோல் பட்டைகள், மூன்று ஜோடி. அவை இல்லாமல் பாரில் தொங்கிச் சுழன்றால் கைத்தோல் உரிந்துவிடும்.

நான்காவது கொக்கி செல்லியம்மாளுடையது. கோவளத்தில் மீன் விற்கும் குப்பம்மாவின் மகள், வயது பதினாறு. அவளிடம் தோல் பட்டை கிடையாது. பழைய வேட்டியைக் கிழித்த இரண்டு துணிகளைத்தான் கையில் சுற்றிக்கொள்வாள்.

மணி 7.45.

பெண்களின் உடல்நிலையைப் பார்த்துச் சான்று தருவதற்காக பக்கத்து அஸ்தினாபுரத்திலிருந்து டாக்டர் ரத்தினபாய் வந்து சேர்ந்தார். நோயாளிகள் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதே இருபத்தைந்து வருடமாக அவர் தொழில்.

"கேஸ் ரொம்ப சிம்பிள், டாக்டர்," என்றார் சத்தியநாதன். "தோல் பட்டை இல்லாம ஏறிப் பழகினவ ஒருத்திதான். மத்தவங்க பட்டை போயிட்டா யாருக்கு லாபம்?"

"அவளைக் கேட்டீங்களா?"

"அழறா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா."

செல்லி அழவில்லை. வராந்தாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

"எத்தனை மணிக்கு எழுந்தே?"

"ஆறு மணிக்கு டாக்டரம்மா."

"மத்தவங்க?"

"யாரும் இல்ல. ஜோதி அக்கா ஜெபத்துக்குப் போயிருந்தாங்க. மதுரக்காரங்க ரெண்டு பேரும் குளிச்சிகினு இருந்தாங்க."

"நீ எடுத்தியா?"

"எனக்கு இன்னாத்துக்கு அது? என் துணியும்தான் காணோம். அதச் சொன்னா, துணியெல்லாம் ஒரு பொருளான்றாரு சாரு."

ரத்தினபாய் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

மணி 8.10.

ஞானஜோதி சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தாள். தாம்பரம் பள்ளி ஆசிரியர் அசரியாவின் மகள். நால்வரில் உயரமானவள், பீமில் அவளை மிஞ்ச ஆளில்லை. வலது கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு காப்பித் தம்ளரைப் பிடித்திருந்தாள்.

"கையைக் காட்டும்மா."

தயங்கிக் காட்டினாள். உள்ளங்கையில் நாலணா அகலத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. உள்ளே சதை ஈரமாக, சிவப்பாகத் தெரிந்தது.

"எப்போ?"

"நேத்து சாயங்காலப் பிராக்டிஸ்ல, டாக்டர்."

"ம்," என்று கட்டுப்போட்டார் ரத்தினபாய்.

மணி 8.30.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பூவராகன் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர், டாக்டரைக் கண்டதும் அணைத்தார்.

"ராத்திரி இந்தக் கூடத்துக்குப் பூட்டு உண்டா?"

"கூடத்துக்குப் பூட்டு ஏதும்மா? சாமான் ரூமுக்கு மட்டும்தான். நேத்து ஆறு மணிக்குப் பாரைத் தொடச்சேன். ரெண்டு கட்டையையும் கிட்ட சேத்து, மொத துளையில முளையச் சொருவி, தார்ப்பாயப் போட்டு மூடிட்டு வூட்டுக்குப் போய்ட்டேன். கிட்ட வெச்சாதான் தார்ப்பாய் தரை வரைக்கும் வரும். இன்னும் தொறக்கவே இல்ல."

"மொத துளைன்னா?"

அவர் விளக்கினார். ஒன்று உயரமும் ஒன்று தாழ்வுமாக நிற்கும் அந்த இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஆளின் உயரத்துக்குத் தகுந்தபடி, முளையைத் துளை மாற்றிச் சொருகிக் கூட்டலாம், குறைக்கலாம். குட்டையான செல்லிக்கு முதல் துளை. இரட்டையருக்கு இரண்டாவது. ஞானஜோதிக்கு மட்டும் மூன்றாவது.

மணி 8.55.

நடுவர்கள் மேசையில் அமர்ந்துவிட்டார்கள். சத்தியநாதன் பெண்களை வரிசையாக நிறுத்தினார்.

"தேர்வைத் தள்ளிப்போட முடியாது. எல்லாரும் வெறுங்கையோட ஏறணும். பார்தான் முதல். செல்லி, நீ ஆரம்பி. பழக்கப்பட்டவதானே."

கடைசி வார்த்தை யாருக்கும் புரியாமல் இல்லை. செல்லி தலையைக் குனிந்தபடி பிடி வழுக்காமலிருக்கப் பூசும் சாக்பீஸ் பொடியில் கையை நுழைத்தாள்.

"சார்," என்றாள் ஞானஜோதி. "நான் முதல்ல ஏறுறேன்."

"கையில கட்டோடவா?"

"பரவாயில்ல சார். நான் ஏறுறேன்."

ரத்தினபாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சத்தியநாதன் தோளைக் குலுக்கினார். "சரி. பூவராகன், இவளுக்கு மாத்தி வை."

பூவராகன் தார்ப்பாயை இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றார்.

"மாத்தறதுக்கு இன்னா சார் கீது? மூணாவதுலதானே கீது."

"அப்போ சரி. ஏறு."

"யாரும் ஏற வேண்டாம்," என்றார் ரத்தினபாய்.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கூடம் அடங்கிவிட்டது. ஒரு ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்லி ஏறி, உயரக் கட்டையின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினார். நடுவில் விரல் நின்றது. கைக்குட்டையால் வெள்ளைப் பொடியைத் துடைத்தார். ஒரு சாண் நீளத்துக்கு மரம் கீறியிருந்தது. கட்டையைக் கீழே அழுத்தியதும் கீறல் வாயைத் திறந்தது.

பூவராகன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"திருட்டிலேயே விடை இருந்தது, சார்," என்றார் டாக்டர். "தோல் பட்டையைத் திருடினது செல்லின்னா, தன் துணியை ஏன் மறைக்கணும்? அதை வெச்சுத்தானே அவ ஜெயிக்கணும். கந்தல் துணியைக்கூட விடாம எடுத்தவங்களுக்கு, யாரும் ஜெயிக்கணும்னு ஆசையில்லை. யாருமே பாரில் ஏறக் கூடாதுன்னுதான் நினைச்சிருக்காங்க. ஏன்? பாரில் ஏதோ இருக்கு. அது அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

"யாருக்கு?"

"நேத்து ஆறு மணிக்கு முளை முதல் துளையில இருந்தது. இப்போ மூணாவதுல இருக்கு. நடுவுல ஒருத்தி வந்து, தனக்குத் தகுந்த மாதிரி மாத்திவெச்சு ஏறியிருக்கா. பயத்துல தார்ப்பாயை இழுத்து மூடினவ, முளையைத் திருப்பி மாத்த மறந்துட்டா. நேத்து கிழிஞ்ச தோல் காலையில காய்ஞ்சு பொருக்குத் தட்டியிருக்கும். நான் பார்த்த கை மூணு மணி நேரத்துக் காயம்."

அவர் ஸ்டூலை விட்டு இறங்கினார். "ஜோதி, நீயே சொல்லும்மா."

ஞானஜோதி வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"அஞ்சு மணிக்கு வந்தேன். பார்ல என்னோட இறக்கம் சரியா வரல. ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம்னு நினைச்சேன். ரெண்டாவது சுத்துல சடக்குன்னு சத்தம் கேட்டுச்சு. சார் இல்லாம ஏறினா அன்னிக்கே வீட்டுக்குன்னு ரூல். சொல்லப் பயமா இருந்துச்சு. சொல்லாம விட்டா செல்லி முதல்ல ஏறுவா..." அவள் கண் செல்லியின் பக்கம் போனது. "எல்லாத்தையும் எடுத்து சேப்பல் ஆர்மோனியத்துக்குள்ள வெச்சுட்டேன். பாரை மட்டும் கேன்சல் பண்ணிடுவாங்கன்னு நினைச்சேன்."

"பார் இல்லாம மீதி மூணைக் கூட்டினா முதல்ல வர்றது யார்?" என்று ரத்தினபாய் கேட்டார்.

"நான்தான். அது எனக்குத் தெரியும் டாக்டர். அதுக்காகவும் செஞ்சேனான்னு எனக்கே தெரியல."

"செல்லியைத் திருடின்னு சொன்னப்போ?"

"வாயே வரல."

"உடைஞ்ச கட்டையில நீயே ஏற வந்தியே."

ஞானஜோதி முகத்தை மூடிக்கொண்டாள்.

சத்தியநாதன் ஸ்டூலில் ஏறித் தானும் கீறலைத் தடவிப் பார்த்தார். காலையில் தார்ப்பாயைத் திறந்து கட்டைகளைச் சோதித்திருக்க வேண்டியவர் அவர். பெட்டிகளைக் கொட்டுவதில் அந்த நேரம் போய்விட்டது.

"ரூல் ரூல்தான், ஜோதி," என்றார் இறங்கியதும். "உன்னைச் சேர்க்க முடியாது."

"சரி சார்."

பிறகு செல்லியின் பக்கம் திரும்பினார். "உன்னைத் தப்பா சொல்லிட்டேன்மா. மன்னிச்சுக்க." எல்லோர் முன்னாலும் சொன்னார்.

செல்லி தலையாட்டினாள். சார் மீது அவளுக்கு அவ்வளவு வருத்தமில்லை. அவள் ஜோதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை மணி 3.30.

நகரத்திலிருந்து வேறு ஒரு கட்டை லாரியில் வந்து சேர்ந்தது. பூவராகன் அதை மாட்டி, தானே இரண்டு முறை தொங்கிப் பார்த்தார். சேப்பலிலிருந்து பட்டைகளும் துணியும் வந்துவிட்டன.

ஞானஜோதி பெட்டியோடு வாசலில் நின்றாள். அப்பா சைக்கிளில் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். செல்லி கையில் துணியைச் சுற்றிக்கொண்டே அவளிடம் வந்தாள்.

"எனக்கு உம்மேல கோவம் கீது."

"தெரியும்."

"பத்து நாளு பக்கத்துல படுத்துகினு இருந்தோம். என்னாண்ட சொல்லியிருக்கலாம். நான் சார்கிட்ட சொல்லியிருக்க மாட்டேன்."

செல்லி துணியின் முனையைப் பல்லால் இழுத்து முடிச்சிட்டாள்.

"அந்த எறக்கம் எனக்கும்தான் சரியா வராது. மதுரக்காரங்களுக்கு அவ்ளோ ஒயரம் எட்டாது. பெட்டிய வெச்சிட்டு வா. வந்து கீழ நில்லு. வுழுந்தா புடி."

ஞானஜோதி சத்தியநாதனைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பி நடுவர்களோடு பேச ஆரம்பித்தார்.

பூவராகன் முளையை முதல் துளைக்கு மாற்றினார். செல்லி தாவி, தாழ்ந்த கட்டையிலிருந்து உயர்ந்ததற்குப் போய்ச் சுழன்றாள். கட்டுப்போட்ட கையையும் மற்றதையும் உயர்த்தியபடி ஞானஜோதி அவளோடு கூடவே ஓரடி இப்படியும் ஓரடி அப்படியும் நகர்ந்தாள். இறங்கும்போது செல்லியின் கால் கொஞ்சம் தடுமாறியது. இரண்டு கைகள் அவள் இடுப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி வந்து, தொடாமல் நின்றன. செல்லி தானே நிமிர்ந்தாள்.

செல்லிக்கு நான்கும் கூட்டி 33.85. தேசிய முகாமுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறியவள் அவள்தான்.